உழைப்பின் இடமும் வரியின் உரிமையும்
ஐக்கிய அமெரிக்க மாநிலங்களில் தொலைப்பணி ஊழியர் மீதான வருமான வரி பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் எங்கே உழைக்கிறார் என்னும் வினா மேலோட்டமாக நோக்குமிடத்து விடை தேட வேண்டாத எளிய வினாவாகவே தோன்றும். உழுபவர் வயலிலும், நூற்பவர் ஆலையிலும், கணக்கெழுதுபவர் காரியாலயத்திலும் உழைக்கின்றனர். ஆயின், ஒரு மாநிலத்தில் தமது வீட்டில் அமர்ந்து, கணினியின் துணையுடன் இன்னொரு மாநிலத்து நிறுவனத்துக்குப் பணியாற்றும் ஊழியர் எங்கே உழைக்கிறார்? அவரது மேசை இருக்கும் இடத்திலா, அன்றி அவரது உழைப்பின் பயனை நுகரும் நிறுவனம் இருக்கும் இடத்திலா? ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா தத்துவ விசாரமாக எழவில்லை. இதற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே அவ்வூழியரின் வேதனத்தில் ஒரு பகுதி எந்த மாநிலத்தின் திறைசேரிக்குச் செல்லும் என்பதும், சில வேளைகளில் ஒரே வேதனத்துக்கு இரு முறை வரி செலுத்த நேருமா என்பதும் தீர்மானிக்கப்படுகின்றன.

வருமான வரி முழுவதையும் மத்திய அரசே அறவிடும் நாட்டில் வாழும் நமக்கு இப்பிரச்சினை சற்று அந்நியமானதாகத் தோன்றலாம். எனவே முதலில் அதன் சட்டப் பின்னணியைச் சுருக்கமாக விளக்கி, அதன் பின்னர் அது வெளிப்படுத்தும் சமூக உறவுகளை நோக்குவது பொருத்தமாகும்.

1. இரு உரிமைகள்

ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி அரசு 1913ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக வருமான வரி விதிக்கும் அதிகாரத்தை உறுதிப்படுத்திக் கொண்டது. அதற்கு முன்னரே, 1911இல், விஸ்கொன்சின் மாநிலம் நடைமுறையில் வெற்றி கண்ட வருமான வரிச் சட்டமொன்றை இயற்றியிருந்தது. நியூ யோர்க் 1919இல் அவ்வழியைப் பின்பற்றிற்று. இன்று பெரும்பாலான மாநிலங்கள் சமஷ்டி வரிக்கு மேலதிகமாகத் தாமும் வருமான வரி அறவிடுகின்றன. தெக்சாஸ், புளோரிடா, தெனெசி, நியூ ஹாம்ஷயர் போன்ற சில மாநிலங்கள் வேதனத்தின் மீது வரி விதிப்பதில்லை.

மாநில வரியதிகாரம் இரு வேறு அடிப்படைகளில் நிலைபெற்றுள்ளது. முதலாவது வதிவிடம். ஒரு மாநிலத்தில் வதிபவர் எங்கு உழைத்துப் பெற்ற வருமானத்தின் மீதும் அம்மாநிலம் வரி விதிக்கலாம்; அவர் அங்குள்ள வீதிகளையும் பாடசாலைகளையும் பாதுகாப்பையும் துய்க்கிறார் என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். 1937இல் சமஷ்டி உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாக வலியுறுத்திற்று. இரண்டாவது வருமானத்தின் மூலம். வேறிடத்தில் வதிபவரானாலும், ஒரு மாநிலத்துக்குள் அவர் ஈட்டும் வருமானத்தின் மீது அம்மாநிலம் வரி விதிக்கலாம். இல்லினோய்சில் வதிந்தவாறு ஒக்லஹோமாவில் எண்ணெய்த் தொழில் நடத்திய ஒருவரின் வழக்கில், 1920 மார்ச்சில் இவ்வுரிமை நிலைநாட்டப்பட்டது. அதே நாளில் தீர்க்கப்பட்ட பிறிதொரு வழக்கில், நியூ யோர்க் தன் வதிவோருக்கு அளித்த தனிநபர் விலக்கை அயல் மாநில ஊழியருக்கு மறுத்தமை அரசியலமைப்புக்கு முரணானதென முடிவாயிற்று. ஆகவே வதியாதோர் மீது வரி விதிக்கலாம். ஆனால் அவர்களைப் பாகுபடுத்தலாகாது.

இவ்விரு உரிமைகளும் ஒரே வருமானத்தின் மீது மோதுவது இயல்பே. மோதலைத் தவிர்ப்பதற்கென உருவான வழி வரி வரவு எனப்படும். ஊழியர் பணிபுரியும் மாநிலத்துக்குச் செலுத்திய வரியை, அவரது வதிவிட மாநிலம் தனக்குரிய வரியிலிருந்து ஒரு வரம்புக்குள் கழித்துக்கொள்ள இடமளிக்கிறது. சில அயல் மாநிலங்கள் இதனினும் எளிய வழியைக் கைக்கொண்டுள்ளன. நியூ ஜேர்சியும் பென்சில்வேனியாவும் செய்துகொண்ட பரஸ்பர உடன்படிக்கையின்படி, எல்லை தாண்டி வேலைக்குச் செல்பவரின் வேதனத்துக்கு அவரது வதிவிட மாநிலமே வரி அறவிடும்.

2015இல் மேரிலாந்து சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், வரி வரவை முழுமையாக வழங்காத முறைமை மாநிலங்களுக்கிடையிலான வாணிபத்துக்கு ஊறு விளைவிக்கிறது என உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அதன் அளவுகோல் எளியது: ஒரு மாநிலத்தின் விதியை எல்லா மாநிலங்களும் அப்படியே கைக்கொண்டால், எல்லை தாண்டி உழைப்பவர் எல்லைக்குள் உழைப்பவரைவிட அதிக வரி செலுத்த நேருமா? நேருமெனின் அவ்விதி குறைபாடுடையது.

2. ‘வசதி’ என்னும் சொல்

இம்முறைமை முழுவதும் ஓர் அனுமானத்தில் தங்கியுள்ளது. உழைப்பு நிகழும் இடம் ஐயத்துக்கிடமின்றித் தெரியும் என்பதே அது. ஊழியர் எல்லை தாண்டிக் காரியாலயத்துக்குச் சென்ற நாட்களை எண்ணினாற் போதும். அவ்விகிதத்திலேயே வேதனம் பகுக்கப்படும். நியூ யோர்க்கின் விதி இவ்வனுமானத்தைப் புரட்டிவிடுகிறது.

நியூ யோர்க் நிறுவனமொன்றில் பணிபுரியும் அயல் மாநிலத்தவர் தமது வீட்டிலிருந்து உழைத்த நாட்களும், அவ்வாறு உழைத்தமை தொழில்தருநரின் தேவை கருதியதாக இல்லாவிடின், நியூ யோர்க்கில் உழைத்த நாட்களாகவே கொள்ளப்படும் என்பது அவ்விதியின் சாரம். தொழில்தருநரின் வசதி பற்றிய விதி என இது வழங்கப்படுகிறது. பென்சில்வேனியா, டெலவெயர், நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களிலும் இவ்வகை விதி உண்டு. ஆர்க்கன்சோ தன் விதியை 2021இல் நீக்கிவிட்டது.

இலக்கிய மாணவராகிய நாம் சொற்களின் பொருளை அவை வழங்கும் சூழலில் வைத்து நோக்கப் பழகியவர்கள். அவ்வகையில் ‘வசதி’, ‘தேவை’ என்னும் இரு சொற்களும் நம் கவனத்துக்குரியன. வீட்டிலிருந்து உழைப்பது யாருடைய வசதி? ஊழியருக்கு அது பயண நேரத்தை மிச்சப்படுத்தலாம். நிறுவனத்துக்கோ அது காரியாலய வாடகையையும் மின்கட்டணத்தையும் தளபாடச் செலவையும் மிச்சப்படுத்துகிறது. இருவருக்கும் பயன் தரும் ஏற்பாட்டினை விதி ஊழியரின் சொந்த வசதி என்ற தலைப்பின் கீழ் அடக்கி, நிறுவனத்தின் தேவை என நிறுவும் பொறுப்பை ஊழியர் மீதே சுமத்துகிறது.

அத்தேவையை நிறுவுவது எளிதன்று. நியூ யோர்க் வரித் திணைக்களம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஊழியரின் வீட்டுக் காரியாலயம் தொழில்தருநரின் மெய்யான காரியாலயமாக அமைதல் வேண்டும். நிறுவனத்தின் இடத்தில் கிடைக்காத சிறப்பு வசதி, உதாரணமாக வாகனங்களைப் பரீட்சிக்கும் ஓடுபாதை, வீட்டிலோ அதற்கு அண்மையிலோ இருப்பின் அதுவே போதுமானது. இல்லையெனில் இரண்டாந்தரக் காரணிகளுள் நான்கையும் ஏனைய காரணிகளுள் மூன்றையும் நிறைவுசெய்தல் வேண்டும். எழுதுதல், கணக்கிடுதல், நிரல் அமைத்தல் முதலான பணிகளுக்கு ஓடுபாதை தேவைப்படுவதில்லை. ஆகவே, எங்கும் செய்யத்தக்க வேலையைச் செய்பவரே இவ்விதியில் எளிதாக அகப்படுகிறார்.

இவ்விதி காரணமின்றித் தோன்றியதென நாம் கூறவில்லை. நகரின் காரியாலயத்தில் வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, வார இறுதியில் வீட்டில் சில கடதாசிகளைப் புரட்டியதையே வெளிமாநில வேலைநாளாகக் காட்டி வரியைக் குறைக்க முனைந்தோர் இருந்திருக்கக்கூடும். நியூ யோர்க்கில் வதிபவர் தமது வார இறுதி உழைப்புக்கு இத்தகைய சலுகை பெற இயலாது என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. ஒரு காலகட்டத்தின் துஷ்பிரயோகத்தைத் தடுக்க எழுந்த விதி, உற்பத்தி முறை மாறிய பின்னரும் நிலைத்து, முற்றிலும் வேறான நிலைமைகளுக்குப் பிரயோகிக்கப்படுவதே இங்கு கவனிக்கத்தக்கது.

3. ஒரு கணக்கு

விதியின் விளைவைத் தெளிவுபடுத்தக் கற்பனையான எடுத்துக்காட்டொன்றை நோக்குவோம். ஓர் ஊழியரின் ஆண்டு வேதனம் 100,000 டொலர். அவர் ஆண்டில் உழைக்கும் 240 நாட்களில் 60 நாட்கள் நியூ யோர்க் காரியாலயத்திலும் 180 நாட்கள் அயல் மாநிலத்திலுள்ள தமது வீட்டிலும் கழிகின்றன. முழு வேதனத்துக்கும் நியூ யோர்க் விதிக்கக்கூடிய வரி 6,000 டொலர் எனவும், வதிவிட மாநிலம் விதிக்கக்கூடியது 5,000 டொலர் எனவும் கொள்வோம்.

உழைத்த நாட்களின்படி பகுத்தால், நியூ யோர்க்குக்குக் காற்பங்கு வேதனத்துக்குரிய 1,500 டொலர் சேரும். வதிவிட மாநிலம் அப்பங்குக்குரிய தன் வரியான 1,250 டொலரை வரவாக விட்டுக்கொடுத்து 3,750 டொலர் பெறும். ஊழியர் செலுத்துவது மொத்தம் 5,250 டொலர்.

வசதி விதியின்படி நியூ யோர்க் 6,000 டொலரையும் எடுத்துக்கொள்கிறது. வதிவிட மாநிலம் முழு வரவும் வழங்கினால் அதற்கு எஞ்சுவது எதுவுமில்லை. நியூ யோர்க் மேலதிகமாகப் பெற்ற 4,500 டொலரில் 3,750 டொலர் அயல் மாநிலத்தின் திறைசேரியிலிருந்தும் 750 டொலர் ஊழியரின் கையிலிருந்தும் சென்றுள்ளன.

வதிவிட மாநிலம், வீட்டில் செய்த வேலை தன் எல்லைக்குள் நிகழ்ந்தது என வாதித்து, 60 நாட்களுக்குரிய வரவை மாத்திரம் வழங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். நியூ யோர்க்குக்கு 6,000, வதிவிட மாநிலத்துக்கு 3,750 என ஊழியர் 9,750 டொலர் செலுத்த வேண்டும். வேதனத்துக்கு வரியே இல்லாத மாநிலத்தில் அவர் வதிந்தால் இரட்டை வரி எழாது; ஆயினும் 1,500 டொலருக்குப் பதிலாக 6,000 டொலர் செலுத்துவார். வரவு வழங்கவேண்டிய மாநில வரி அங்கு இல்லாமையால், முழுச் சுமையும் அவருடையதே.

4. நீதிமன்றங்களின் முன்

மேற்காட்டிய நிலைமைகள் வெறும் கற்பனையல்ல என்பதை இரு வழக்குகள் காட்டுகின்றன. கனெக்ரிக்கற் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் வதிந்த சட்டப் பேராசிரியர் எட்வேர்ட் செலின்ஸ்கி, நியூ யோர்க் நகரிலுள்ள கார்டோசோ சட்டக் கல்லூரியில் வாரத்தில் மூன்று நாட்கள் கற்பித்து, ஏனைய நாட்களில் வீட்டிலிருந்து எழுதியும் ஆராய்ந்தும் வந்தார். 1994, 1995ஆம் ஆண்டுகளுக்கான அவரது முழு வேதனத்துக்கும் நியூ யோர்க் உரிமை கோரிற்று. வீட்டில் உழைத்த நாட்களுக்குக் கனெக்ரிக்கற்றும் வரி விதித்தது. நியூ யோர்க்கின் அதியுயர் மாநில நீதிமன்றம் 2003இல் அவரது முறையீட்டை நிராகரித்தது.

இரண்டாவது வழக்கு தெனெசியில் வதிந்த கணினி நிரலாளர் ஒருவருடையது. அவர் தமது வேலைநாட்களில் ஏறத்தாழக் காற்பங்கை மாத்திரமே நியூ யோர்க்கில் கழித்தார். 2005இல் அதே நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால் அவரது முழு வேதனத்தின் மீதும் வரி விதிப்பதை அனுமதித்தது. சமஷ்டி உயர் நீதிமன்றம் இவ்விரு வழக்குகளையும் விசாரணைக்கு ஏற்கவில்லை. மேரிலாந்துத் தீர்ப்பின் அளவுகோலையும் துணைக்கொண்டு, 2019, 2020ஆம் ஆண்டுகளின் வரி குறித்துச் செலின்ஸ்கி மீண்டும் வழக்காடினார். 2023இல் நியூ யோர்க்கின் நிர்வாகச் சட்ட நீதிபதி அதனையும் நிராகரித்தார்.

விதியை விமர்சிப்போர் சுட்டும் முரண்பாடு ஒன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வெளிமாநில நிறுவனத்தின் ஊழியர் நியூ யோர்க்குக்கு வந்து உழைத்தால், அவர் உடலால் அங்கு இருந்தமை வரிக்குக் காரணமாகிறது. நியூ யோர்க் நிறுவனத்தின் ஊழியர் வெளியில் இருந்து உழைத்தால், நிறுவனம் அங்கு இருப்பது காரணமாகிறது. ஒரு வேளை உழைப்பவரின் இடமும், மறு வேளை உழைப்பிப்பவரின் இடமும் அளவுகோலாகின்றன. எல்லா மாநிலங்களும் இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளுமாயின், ஒரு நாள் உழைப்பின் மீது இரு மாநிலங்கள் உரிமை கோருவது தவிர்க்கவியலாதது.

5. கொள்ளைநோயும் மாநிலப் பூசலும்

2020இல் கொவிட் கொள்ளைநோய் பரவியபோது, அதுவரை சிலரது பிரச்சினையாக இருந்தது பல இலட்சம் பேரின் பிரச்சினையாயிற்று. காரியாலயங்களை மூடுமாறு அரசுகளே பணித்த நிலையிலும், நிறுவனம் ஊழியரின் வீட்டில் மெய்யான காரியாலயத்தை நிறுவியிருந்தாலன்றி அந்நாட்கள் நியூ யோர்க் நாட்களே என அம்மாநில வரித் திணைக்களம் அறிவித்தது. அரசின் கட்டளைக்கு அமைந்து வீட்டில் இருந்ததும் ஊழியரின் சொந்த வசதியாகக் கருதப்பட்டது. சட்டம் தன் புனைவுகளை மெய்ம்மையினின்றும் எவ்வளவு தூரம் விலக்கி வைக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது.

மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இத்தகைய விதி முன்னர் இருக்கவில்லை. நோய்க்கு முன் அங்கு வந்து உழைத்து, பின்னர் நோய் காரணமாக வெளிமாநிலத்து வீட்டிலிருந்து உழைத்தோரின் வேதனம் தன் வரிக்குரியதே என 2020 மார்ச் 10 முதல் செல்லுபடியாகும் அவசர ஒழுங்குவிதியை அது பிறப்பித்தது. வேதன வரி இல்லாத நியூ ஹாம்ஷயர் இதனை எதிர்த்து, அதே ஆண்டு ஒக்ரோபரில் சமஷ்டி உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாடியது. 2021 ஜூன் 28ஆம் திகதி, நீதியரசர் இருவரின் மாற்றுக் கருத்துடன், நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. ஒழுங்குவிதி 2021 செப்டெம்பரில் முடிவுற்றது. வினா விடையின்றி எஞ்சியது.

இவ்வழக்கில் நியூ ஹாம்ஷயர் உழைப்போரின் காவலனாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. வரலாறு வேறொரு முகத்தையும் காட்டுகிறது. தன் வதிவோரின் வேதனத்துக்கு வரி விதிக்காத இதே மாநிலம், அயலிலிருந்து வந்து உழைத்தோரின் வருமானத்துக்கு மாத்திரம் வரி அறவிட்டு வந்தது. மேய்ன் மாநிலத்தவர் தொடுத்த வழக்கில், 1975இல் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுபடியற்றதாக்கிற்று. மாநிலங்களின் கொள்கைகள் அவற்றின் வருவாய் நலன்களைப் பின்தொடர்ந்து செல்வதை இங்கு அவதானிக்கலாம்.

பழிக்குப் பழி என்ற போக்கும் வளர்ந்தது. தன் வதிவோர் மீது வசதி விதியைப் பிரயோகிக்கும் மாநிலத்தவர் மீது தானும் அதையே பிரயோகிக்கும் சட்டத்தைக் கனெக்ரிக்கற் 2019 முதலும் நியூ ஜேர்சி 2023 முதலும் நடைமுறைப்படுத்தின. அயல் மாநிலத்தின் வரியை எதிர்த்து வழக்காடி வெல்லும் தன் வதிவோருக்குச் சலுகை அளிப்பதாகவும் நியூ ஜேர்சி அறிவித்தது. தவறான விதி ஒன்று, அதனைக் கண்டித்தோராலேயே பெருக்கப்பட்டது.

6. மூலதனத்துக்கும் உழைப்புக்கும் இரு அளவுகோல்கள்

இப்பிரச்சினையை மாநிலங்களின் பூசலாக மாத்திரம் நோக்குவது அதன் சமூக உள்ளடக்கத்தை மறைத்துவிடும். ‘மூலதனம்’ நூலின் முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ், நவீன வீட்டுத் தொழிலைப் பழைய சுயேச்சையான குடிசைத் தொழிலினின்றும் வேறுபடுத்தி, அது தொழிற்சாலையோடு பிணைந்த அதன் நீட்சியே எனக் காட்டினார். இடம், வெளிச்சம், வெப்பம் முதலானவற்றின் செலவு அங்கு உழைப்போர் மீது இறங்கிவிடுகிறது. இன்றைய தொலைப்பணி ஊழியரை அக்காலத்துச் சரிகை பின்னும் பெண்களோடு ஒப்பிடுவது மிகையாகும். அவர்களுட் பலர் உயர் வேதனம் பெறுவோர். எனினும் உற்பத்திச் செலவின் ஒரு பகுதி வீட்டுக்குப் பெயர்க்கப்படும் உறவு ஒன்றே. சமஷ்டி வரிச் சட்டமும் இதற்குத் துணைபோகிறது. வேதனம் பெறும் ஊழியர் தமது வீட்டுக் காரியாலயச் செலவைக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பை 2017ஆம் ஆண்டின் சட்டம் இல்லாதாக்கிற்று. சுயதொழில் செய்வோருக்கு அவ்வாய்ப்பு தொடர்ந்தும் உண்டு.

நிறுவனங்களின் இலாபம் மாநிலங்களுக்கிடையில் எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். 1957இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டத்தில் சொத்து, வேதனப் பட்டியல், விற்பனை ஆகிய மூன்றும் சம பங்கு வகித்தன. விற்பனையை மாத்திரம் அளவுகோலாகக் கொண்ட அயோவாவின் முறையை 1978இல் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அதன் பின்னர் நியூ யோர்க் உட்படப் பல மாநிலங்கள் அவ்வழி சென்றன. நிறுவனத்தின் காரியாலயமும் ஊழியரும் ஓரிடத்தில் இருப்பது அதன் இலாப வரியைக் கூட்டாதவாறு செய்து, முதலீட்டைக் கவர்வதே அதன் நோக்கம். ஆகவே நியூ யோர்க்கில் காரியாலயம் இருப்பது நிறுவனத்தின் இலாபத்தைப் பகுக்கையில் கணக்கில் வருவதில்லை. அதே காரியாலயம் தெனெசியில் உழைத்தவரின் வேதனத்தை இழுத்து வரப் போதுமானதாகிறது. இடம் பெயரவல்ல மூலதனத்துக்கு மாநிலங்கள் வளைந்து கொடுக்கின்றன. வேதனமோ வழங்கப்படுமுன்னரே பிடித்து வைக்கக்கூடியது. அதனை மீளப் பெறுவதற்கு ஊழியரே வழக்காட வேண்டும்.

இவ்வாறு கூறுவதால், வரியற்ற மாநிலங்களின் பக்கம் நாம் நிற்பதாகக் கொள்ளலாகாது. தாதியரும் பேருந்துச் சாரதிகளும் துப்புரவுத் தொழிலாளரும் தமது வேலையை வீட்டிலிருந்து செய்ய இயலாது. அவர்கள் வாழும் நகரின் பொதுச் சேவைகளை வரியே தாங்குகிறது. உயர் வேதனம் பெறுவோர் வரியற்ற மாநிலத்துக்குப் பெயர்ந்து அப்பொறுப்பிலிருந்து விடுபடுவதை உழைப்பின் வெற்றி எனக் கொண்டாட முடியாது. ஆனால், நாளும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, மருத்துவமனையையும் வீதியையும் பயன்படுத்தி, உழைப்புச் சக்தியை மீளாக்கம் செய்துகொள்ளும் சமூகம் ஊழியரின் வதிவிடத்திலேயே உள்ளது. அங்குள்ள பொதுச் சேவைகளுக்குரிய வருவாய், அவர் அன்று காலடி வைக்காத மாநிலத்துக்குச் செல்வதை நியாயப்படுத்துவது கடினம்.

7. முடிவாக

தீர்வுக்கான அதிகாரம் சமஷ்டிக் காங்கிரசிடம் உண்டு. இடம்பெயர்ந்து வதிவோரின் ஓய்வூதியத்துக்கு, அவர்கள் முன்னர் உழைத்த மாநிலம் வரி விதிப்பதை 1996ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. பல மாநிலங்களைக் கடந்து செல்லும் புகையிரத, விமான ஊழியர் குறித்தும் தனி விதிகள் உள்ளன. தொலைப்பணி குறித்துப் பல மசோதாக்கள் முன்வைக்கப்பட்டும் எதுவும் இதுகாறும் சட்டமாகவில்லை. வருவாய் இழக்கும் மாநிலங்களின் எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம்.

உழைப்பு உடலால் நிகழும் இடமே வேதனத்தின் மூலம் என்னும் கோட்பாடு எளியது. பொருள்முதல்வாத நோக்கிலும் அதுவே பொருந்துவது. கம்பி வழியே செல்வது உழைப்பின் விளைபொருள். உழைப்பு நிகழ்வது உழைப்பவரின் உடலிலும் உள்ளத்திலும், அவை இருக்கும் இடத்திலுமே. நகரங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்ய வேண்டுமாயின், தொலைப்பணியால் செலவை மிச்சப்படுத்திய நிறுவனங்களின் இலாபத்தை நாடுவதே நேரிய வழியாகும். மாநிலங்கள் இன்றுவரை தமக்குள் வாதிட்டது ஊழியரின் வேதனத்தை யார் எடுப்பது என்பதைப் பற்றியே. வாதத்தின் தளம் மாறும் வரை, வழக்குகள் பெருகுமேயன்றி முடிவு கிட்டாது.